ஏழாம் சீட்

என் அக்கா மாதாவின் மேல் வைத்திருந்த நம்பிக்கைக்கு ஒரு சமயம் நான் திருட்டுத்தனமாக முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மொத்தம் எட்டு வரி. கணினிக்குப் புரிகிற பாஷையில் எழுதிய எட்டு வரி. அதை யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்தேன். பார்த்தார்கள். மாயாபந்தர் முழுக்கப் பார்த்தது.

நான் போர்ட் பிளேரில் லாட்ஜ், ஹார்டுவேர் கடை, படகு வாடகைக்கு விடுகிறவர்கள் என்று சின்னச் சின்ன வியாபாரங்களுக்கு இணையதளம் செய்து கொடுக்கிறவள். வீட்டின் பின்னறைதான் ஆபீஸ். மாயாபந்தரிலிருந்து போர்ட் பிளேருக்கு பஸ் விடுகிற ஒரு தனியார் கம்பெனிக்கு, பயணிகள் ஃபோனிலேயே டிக்கெட் போடுகிற தளத்தை நான்தான் எழுதினேன். இன்றுவரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எந்த சீட் காலி, எது நிறைந்துவிட்டது என்பதை அந்த நிரல்தான் முடிவு செய்யும். அதாவது, உண்மையில் நான் முடிவு செய்வேன். அந்த அதிகாரம் தலைக்கு ஏறுகிற அளவுக்கு அது பெரிய பஸ் இல்லை. முப்பத்தைந்து சீட்.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். மாயாபந்தரில் இருக்கிறாள். அத்தான் டிங்கி என்கிற சின்னப் படகில் மீனுக்குப் போகிறவர். எங்கள் அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து படகு வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். நாங்கள் இருவரும் பிறந்தது தீவில், பேச்சு மட்டும் அப்பாவுடையது. அம்மா சீக்கிரம் போய்விட்டதால் எனக்குத் தலை வாரிவிட்டது, பள்ளிக்கூடத்துக்குச் சோறு கட்டிக் கொடுத்தது, ஜெபமாலை சொல்லவில்லை என்று முதுகில் ரெண்டு சாத்தியது எல்லாம் அக்காதான். மூன்றாவது விஷயத்தில் அவள் தோற்றுப்போனாள். எனக்குக் கோயில் ஒட்டவில்லை. "உன் மாதாவுக்கு வேற வேலை இல்லையா?" என்று கேட்பேன். "அவ வேலையைப் பத்தி நீ பேசாத, உன் வேலையைப் பாரு" என்பாள்.

அக்காவின் மார்பில் கட்டி வந்தது. மெயின்லேண்டுக்குப் போய் அறுவை சிகிச்சை செய்துகொண்டு வந்தாள். அதற்குப் பிறகு மூன்று வாரத்துக்கு ஒன்றாக எட்டு ஊசி என்றார்கள். ஊசி போர்ட் பிளேரில். திங்கட்கிழமை காலையில் மாயாபந்தரில் ரத்தம் கொடுப்பாள். முடிவு மதியம் வரும். ரத்தம் தேறியிருந்தால் செவ்வாய் பஸ் ஏறி என் வீட்டுக்கு வருவாள், புதன்கிழமை ஊசி. அத்தான் கூட வருகிறேன் என்றால், "ஊசி போடுததுக்கு ஊர்வலமா?" என்று கேட்டு அவரைக் கடலுக்கு அனுப்பிவிடுவாள்.

சிக்கல் என்னவென்றால், திங்கள் மதியத்துக்குள் செவ்வாய் பஸ் நிறைந்துவிடும். முன்கூட்டியே டிக்கெட் போட்டு வை, ஊசி இல்லை என்றால் ரத்து செய்துகொள்ளலாம் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். "போகாத பயணத்துக்கு அடுத்தவன் சீட்டைப் பிடிச்சு வைக்கது பாவம்டி" என்றாள். முதல் ஊசிக்கு அவளுக்குக் கிடைத்தது கடைசி வரிசை, சக்கரத்துக்கு மேலே. அந்தச் சாலையில் பத்து மணி நேரம். பஸ் ஸ்டாண்டில் அவளை நான் இறக்கியபோது அவளால் நிற்க முடியவில்லை. என் தோளில் சாய்ந்தபடி, "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவதென்று தெரியவில்லை. சாலை மேல், ரத்தம் மேல், அவள் நேர்மை மேல், எல்லாவற்றின் மேலும் கோபம்.

அவள் ஊருக்குத் திரும்பிய அன்று அந்த எட்டு வரியை எழுதினேன். செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் ஏழாம் சீட்டை, முந்தின நாள் மாலை ஆறு மணி வரை, நிறைந்துவிட்டதாக எல்லோருக்கும் காட்டு. அக்காவின் இந்த ஃபோன் நம்பரிலிருந்து வந்தால் மட்டும் காலி என்று காட்டு. ஆறு மணிக்கு மேல் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். ஏழாம் சீட் முன்பக்கம், ஜன்னலோரம், குலுக்கல் குறைவு, வாந்தி வந்தால் கதவு பக்கத்தில். அந்த எட்டு வரிக்கு மேலே, நிரலில் எழுதுகிறவர்கள் தங்களுக்காகப் போட்டுக்கொள்கிற குறிப்பாக, தமிழில் ஒரு வரி எழுதினேன்: 'அக்கா சீட். தொடாதே.' குறிப்பை கணினி படிக்காது, தாண்டிப் போய்விடும். அது எனக்காக எழுதியது.

இரண்டாவது ஊசிக்கு முன்னால் அக்கா ஃபோன் செய்தாள். குரலில் அப்படியொரு துள்ளல்.

"ஏட்டி, பஸ்ஸு ஃபுல்லு. ஏழு மட்டும் காலி! ஜன்னல் சீட்டு!"

"ராசிக்காரிதான் நீ" என்றேன்.

"ராசியா? மாதா வச்சிருக்கா."

மூன்றாவது முறையும் ஏழு காலி. நான்காவது முறையும் ஏழு காலி. அதற்குள் பஸ் கண்டக்டருக்கே அவள் பழகிப்போயிருந்தாள். நான்காவது ஊசி முடிந்து என் வீட்டுக் கட்டிலில் படுத்திருந்தாள். தலைமுடி எல்லாம் போய், என் பழைய துப்பட்டாவைக் கட்டியிருந்தாள். நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். அப்போது சொன்னாள்: "மாதாகிட்ட ஒண்ணு பேசி வச்சிருக்கேன். எட்டு ஊசிக்கும் அந்த ஏழாம் சீட்டு எனக்கு விழுந்துச்சுன்னா நான் பொழச்சிருவேன். அதான் அடையாளம்."

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன். அதுவரை எந்த நாளிலும் சிரித்துக்கொண்டே உண்மையைச் சொல்லியிருக்கலாம். இனி முடியாது. நான் ஒரு சீட்டுக்குத்தான் பூட்டுப் போட்டேன், அவள் அதன் மேல் தன் உயிரையே தூக்கி வைத்துவிட்டாள்.

இங்கே என் தொழிலின் ஒரு கெட்ட பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். கடலுக்கடியில் கேபிள் வருவதற்கு முன்னால் எங்கள் தீவில் இன்டர்நெட் வானத்திலிருந்து, செயற்கைக்கோள் வழியாக வந்தது. மேகம் கறுத்தால் போய்விடும். இங்கே மேகம் கறுக்காத நாளை எண்ணிவிடலாம். மெயின்லேண்டில் இருக்கிற சர்வருக்கு ஒரு கோப்பை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே பாதியில் அறுந்துவிடும். பாதிக் கோப்பு போனால் தளம் படுத்துவிடும், மழை விடும்வரை எழுந்திருக்காது. அதனால் இங்கே இந்த வேலை பார்த்த எல்லோரும் ஒன்று செய்வோம். புதியதை ஏற்றும் முன், பழைய கோப்பைப் பிரதி எடுத்து, பெயருக்குப் பின்னால் 'ஓல்ட்' என்று ஒரு வால் வைத்து அதே இடத்தில் போட்டுவிடுவோம். ஏதாவது ஆனால் வாலை வெட்டினால் போதும், தளம் பிழைத்துக்கொள்ளும். கேபிள் வந்தது, நெட் வேகமானது, பழக்கம் மட்டும் போகவில்லை.

அதில் இருக்கிற ஆபத்து எனக்குத் தெரியாதது அல்ல. நிரல் கோப்பை வெளியிலிருந்து யாராவது கேட்டால் சர்வர் அதைத் தராது. அதை ஓட்டிப் பார்த்து விடையை மட்டும் தரும். ஹோட்டலில் உட்கார்ந்தவனுக்குத் தட்டுதான் வரும், சமையலறை வராது. ஆனால் வால் முளைத்த கோப்பு நிரல் என்று சர்வருக்குத் தெரியாது. ஏதோ சாதாரண எழுத்து என்று நினைத்து, முதல் வரி முதல் கடைசி வரி வரை கேட்டவனுக்கு அப்படியே காட்டிவிடும். முகவரியின் கடைசியில் அந்தச் சின்ன வாலைச் சேர்த்துப் பார்க்க யாருக்காவது தோன்ற வேண்டும், அவ்வளவுதான். யாருக்குத் தோன்றப் போகிறது என்று இருந்தேன். பஸ் நேரப் பட்டியலை மாற்றிய அன்றும் வழக்கம்போலப் பழையதற்கு வால் வைத்துப் போட்டேன். அதற்குள் அக்காவின் எட்டு வரியும் இருந்தது.

தோன்றியது ஒரு கல்லூரி ஆசிரியருக்கு. மாயாபந்தரில் கணினி சொல்லிக் கொடுக்கிறவர், வாரா வாரம் அந்த பஸ்ஸில் போகிறவர். நல்ல மனிதர். நிரல் வெளியே தெரிகிறது, பயணிகளின் விவரம் இருக்கிற டேட்டாபேஸின் பாஸ்வேர்டும் அதில் தெரிகிறது, உடனே மூடுங்கள் என்று பஸ் கம்பெனிக்கு மரியாதையாக எழுதி, ஆதாரத்துக்கு ஒரு படமும் எடுத்து அனுப்பினார். பாஸ்வேர்டைக் கறுப்புக் கோடு போட்டு மறைத்துத்தான் அனுப்பியிருந்தார். மாயாபந்தர் கவுண்ட்டரில் இருந்தவருக்கு அது என்னவென்று புரியவில்லை. புரியாததை என்ன செய்வது? பயணிகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "யே க்யா ஹை?", இது என்ன என்று கேட்டார்.

அந்தப் படத்தில் ஏழாம் சீட் இருந்தது, அக்காவின் ஃபோன் நம்பர் இருந்தது, என் தமிழ் வரியும் இருந்தது. குழுவில் டீக்கடை வைத்திருக்கிற ஒரு தமிழர் அதை இந்தியில் மொழிபெயர்த்தும் கொடுத்துவிட்டார்: இது அக்காவின் சீட், யாரும் தொடக்கூடாது.

எனக்கு முதலில் ஃபோன் செய்தது முதலாளி. தெலுங்குக்காரர், எங்களுக்குள் பேச்சு எப்போதும் இந்தியில்தான். "மேடம், யே அக்கா கோன் ஹை?", யார் இந்த அக்கா என்று கேட்டார். சொன்னேன். ஊசி, ரத்தம், கடைசி வரிசை எல்லாம் சொன்னேன். வேலையை விட்டு அனுப்புவார் என்று நினைத்தேன். இன்னும் எத்தனை ஊசி பாக்கி என்று கேட்டார். பிறகு, "முஜ்ஸே பூச் லேத்தே" என்றார். என்னைக் கேட்டிருக்கலாமே என்று. அதைவிட அவர் திட்டியிருக்கலாம். கேட்டால் கிடைத்திருக்கும் ஒன்றைத் திருடியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அடுத்த மாதத்திலிருந்து நோயாளிகளுக்கு இரண்டு சீட், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி அறிவித்து ஒதுக்குவோம், அதுவரை தளத்தில் எந்த ஒளிவு மறைவும் கூடாது என்றார். சரி என்றேன். அரை மணி நேரத்தில் எல்லா வால்களையும் நறுக்கினேன், பாஸ்வேர்டை மாற்றினேன். கை வேலை செய்துகொண்டிருந்தாலும் காது ஃபோனில்தான் இருந்தது.

அக்கா சாயங்காலம்தான் கூப்பிட்டாள்.

"என் நம்பர் எதுக்குடி அதுல இருக்கு?"

"யக்கா..."

"எதுக்குன்னு கேட்டேன்."

சொன்னேன். முடித்ததும், "எத்தனை பேரை எனக்காக நிக்க வச்சிருப்ப?" என்றாள். உடனே அவள் குரல் இறங்கிவிட்டது.

"அப்ப மாதா ஒண்ணும் செய்யலையா?"

என் வாழ்க்கையில் நான் பதில் சொல்ல ஏங்கிய கேள்வி அது ஒன்றுதான். மாதாவே வந்து எழுதச் சொன்னாள் என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "அதை எடுத்துரு" என்று சொல்லிவிட்டு அக்கா ஃபோனை வைத்தாள்.

எடுத்தேன். எட்டு வரியையும் அழித்தேன். மேலே இருந்த குறிப்பை மட்டும் அழிக்க மனசு வரவில்லை. கீழே ஒன்றும் இல்லாமல் 'அக்கா சீட். தொடாதே' என்று அது தனியாக நின்றது.

அது ஐந்தாவது ஊசிக்கும் ஆறாவது ஊசிக்கும் நடுவில். அடுத்த இரண்டு வாரம் அக்கா என்னோடு பேசவில்லை. அத்தான்தான் பேசினார். "அஞ்சோட போதும்னு சொல்லுதா. நீ எதுவும் சொல்லிப் பாரேன்" என்றார். கடலில் எவ்வளவு பெரிய காற்றுக்கும் பதறாத மனுஷன், குரல் உடைந்து பேசினார். நான் கூப்பிட்டால் அவள் எடுக்கவில்லை. எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஐந்தாவது ஊசிக்கு வந்தபோது தன் ஜெபமாலையை என் மேஜையில் மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது. உயிரைக் காப்பாற்றப் போய், உயிரோடு இருக்க வேண்டும் என்ற ஆசையை அவளிடமிருந்து பிடுங்கிவிட்டேன்.

ஆறாவது ஊசிக்கான திங்கட்கிழமை. அத்தான் என்ன சொல்லிக் கெஞ்சினாரோ, ரத்தம் கொடுத்திருந்தாள். மதியம் முடிவு வந்தது, ரத்தம் சரியாக இருந்தது. என் திரையில் அவள் நம்பர் உள்ளே வந்ததைப் பார்த்தேன். பஸ் நிறைந்திருந்தது. காத்திருப்புப் பட்டியலில் மூன்றாவது பெயராக விழுந்தாள். ஏழாம் சீட்டில் யாரோ ஒருவர், முறையாகப் பதிவு செய்தவர்.

இந்த முறை அவளே கூப்பிட்டாள்.

"பார்த்துக்கிட்டுத்தான் இருப்ப, தெரியும்."

"யக்கா, ஒரு வார்த்தை சொல்லு. முதலாளிகிட்டக் கேட்டு..."

"வாயை மூடு. நாளைக்குக் காலைல போய் பஸ்ல நிக்கேன். கம்பியைப் பிடிச்சுக்கிட்டாவது வாரேன். மாதா இருக்காளா இல்லையான்னு பார்த்துருதேன். நீ குறுக்க வரப்படாது. கையை வச்ச, அதோட எனக்குத் தங்கச்சி இல்ல."

"நிக்க முடியாதுக்கா உன்னால."

"முடியலைன்னா இறங்கிக்கிடுதேன். வீட்டுக்குப் போயிருதேன். அதோட எல்லாத்தையும் விட்டுருதேன்."

வைத்துவிட்டாள். திரையில் ஏழாம் சீட் இருந்தது. அதிலிருந்தவரை வேறு பஸ்ஸுக்கு மாற்ற எனக்கு ஒரு நிமிஷம் போதும். யாருக்கும் தெரியாது. இந்த முறை வாலும் கிடையாது. கை இரண்டு தடவை விசைப்பலகைக்குப் போய்த் திரும்பியது. கடைசியில் மேஜையில் கிடந்த ஜெபமாலையை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டேன். கைக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டுமே என்றுதான் முதலில் எடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு வேலையும் ஓடவில்லை. பஸ் மாயாபந்தரை விட்டிருக்கும், ரங்கத் ஊரைத் தாண்டியிருக்கும் என்று கடிகாரத்தோடு கூடவே போய்க்கொண்டிருந்தேன். நடுவழியில் பில்லிகிரவுண்டில் இறங்கியிருப்பாளோ, சாலையோரத்தில் உட்கார்ந்திருப்பாளோ என்று மனம் கண்டதையும் காட்டியது. பத்து மணி வாக்கில் ஃபோன் வந்தது. பின்னால் படகு இன்ஜின் சத்தம். பஸ்ஸைப் படகில் ஏற்றிக் கடக்க வைக்கிற பாராட்டாங் ஜெட்டி. அங்கேவரை வந்துவிட்டாள் என்று அந்தச் சத்தமே சொல்லிவிட்டது.

"ஏட்டி."

"சொல்லுக்கா."

"ஏழுலதான் உக்காந்து வந்தேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளே சொன்னாள். பேச்சு முன்னும் பின்னுமாக வந்தது, நடுவில் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேனா. ஏழுல ஒரு பெங்காலி, காய்கறி வியாபாரி, காலுக்கடில மூட்டையோட உக்காந்திருந்தான். என்னை ஏற இறங்கப் பார்த்தான். என் தலைல கட்டியிருந்த துணியைப் பார்த்தான். அப்புறம் கேக்கான், 'ஆப் வோ அக்கா ஹை க்யா?'ன்னு, நீங்கதான் அந்த அக்காவான்னு. எந்த அக்கான்னு கேட்டேன். 'கம்ப்யூட்டர்வாலி அக்கா'ன்னு சொல்லுதான். என் ஊசிக் கதையை பஸ்ஸெல்லாம் சொல்லி வச்சிருந்த கண்டக்டரு சிரிக்கான், ஆமா அவங்கதான்னு. அவ்வளவுதாண்டி, அந்த ஆளு எழுந்திருச்சுட்டான். வேண்டாம் பையான்னு எவ்வளவோ சொன்னேன். 'லிக்கா ஹுவா ஹை தீதி'ங்கான். எழுதியிருக்கு அக்கா, உங்க சீட்டுன்னு எழுதியிருக்குங்கான். எழுதுனதைத் தொடக்கூடாதாம். மூட்டையை டிரைவர் பக்கத்துல இழுத்துப் போட்டு அது மேல உக்காந்து வாரான், பாவம்."

நான் அழுதுவிட்டேன். மறைக்கவில்லை. எந்த வரியைக் கணினி படிக்காது என்று எழுதினேனோ, அந்த ஒரு வரியைத்தான் ஊர் படித்திருந்தது.

"நீ ஒண்ணும் செய்யலையே?" என்றாள் அக்கா. அதட்டலாகத்தான் கேட்டாள். ஆனால் அதற்குள் ஒரு பயம் இருந்தது. என்னிடம் அவள் இப்படிக் கெஞ்சி நான் பார்த்ததே இல்லை.

"இல்லக்கா. சத்தியமா இல்ல."

"கை சும்மா இருந்துச்சா?"

"சும்மா இல்லக்கா. உன் ஜெபமாலை இருந்துச்சு."

அந்தப் பக்கம் யாரோ இந்தியில் கத்தினார்கள், பஸ் படகில் ஏறிவிட்டது, எல்லோரும் வாருங்கள் என்று.

"முழுசாச் சொன்னியா, பாதில விட்டுட்டியா?" என்றாள் அக்கா.

"முழுசா, அம்பத்து மூணு மணியும்."

"சரி, வைக்கேன். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துரு" என்றாள். "கஞ்சிக்கு உப்புப் போட மறந்துராத."